நத்தைக்குட்டைச் சாவிக்காரர்

மோகன்ராஜுக்கு வயது ஐம்பத்தெட்டு. சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்திருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் அதில் மணல், ஜல்லி, செங்கல் ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமை எதையும் ஏற்ற மாட்டார். அன்றைக்கு அவர் நத்தைக்குட்டையின் சாவிக்காரர். மற்ற நாட்களிலும் அவர்தான் சாவிக்காரர்; ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் அதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கும்.

நத்தைக்குட்டை கிழக்குத் தாம்பரத்திலிருந்து அகரம்தென் போகிற வழியில் இருக்கிறது. பதினான்கு ஏக்கர். நடுவில் தண்ணீர், சுற்றிலும் புதர்க்காடு, மூன்று பக்கம் முள்வேலி, சாலைப் பக்கம் ஆறடிச் சுவர். சுவரில் ஒரே ஒரு இரும்பு கேட். மாநகராட்சி இதை இயற்கைக் காப்பிடம் என்று அறிவித்துப் பராமரிப்பைத் தன்னார்வலர்களிடம் விட்டிருக்கிறது. பட்டியலில் நாற்பது பேர் இருக்கிறோம். காலை ஆறு மணிக்கு நேரில் பார்த்தால் ஏழு பேர்.

நான் நாற்பது வருடம் நர்ஸ். அதற்குப் பிறகு, படுக்கையில் இருப்பவர்களை வீட்டில் கவனித்துக்கொள்ளும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். குட்டையில் முதலுதவிப் பெட்டி என் பொறுப்பு. இன்னொரு வேலை, யாரும் முதுகை உடைத்துக்கொள்ளாமல் பார்ப்பது. ஆகாயத்தாமரை தண்ணீர் குடித்துக் கனக்கும். நோயாளியைத் தூக்குகிற மாதிரிதான் அதையும் தூக்க வேண்டும்: முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து, உடம்போடு ஒட்டி. இதைச் சொல்லிக்கொடுத்து மூன்று பேரின் இடுப்பைக் காப்பாற்றியிருக்கிறேன். நான்காவது ஆள் கேட்கவில்லை. அவர் இப்போது வருவதில்லை.

மோகன்ராஜ் எப்படி வந்தார் என்று சொல்ல வேண்டும். பதினொரு வருடத்துக்கு முன்னால் பல்லாவரம், குரோம்பேட்டையில் இடித்த வீடுகளின் ரப்பீஸைக் கொண்டுவந்து குட்டையில் கொட்டிக்கொண்டிருந்தவர் இவர்தான். அப்போது சுவர் கிடையாது. எங்கள் செயலாளர் லக்ஷ்மிநாராயணன் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மூன்று நாள் புதரில் உட்கார்ந்திருந்து, நான்காம் நாள் வண்டிக்கு நேராக விசிலடித்துச் சிவப்புக் கொடியைக் காட்டினார். மோகன்ராஜ் பிரேக்கை மிதித்துவிட்டார். கொடியைப் பார்த்தால் நிற்கத்தானே தோன்றும்! அபராதம் போட்டார்கள். கொட்டியதையெல்லாம் திரும்ப அள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். ஏழு லோடு. ஏழாவது லோடு ஏற்றி முடித்தபோது நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவரும் ஒரு டீ கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்காமலே வந்து நின்றார்.

மனம் திருந்தினார் என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். ஒருமுறை கேட்டேன். "வூட்ல டிவி சவுண்டு தாங்கல சிஸ்டர்" என்றார்.

சுவர் கட்டி கேட் போட்டபோது சாவி அவரிடம் வந்தது. வண்டி வைத்திருக்கிறவர், எந்த நேரமும் வரக்கூடியவர் என்பதால்தான் கொடுத்தோம். அவர் அதை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. அவர் மனைவி நாகலக்ஷ்மி ஒருநாள் எல்லோருக்கும் புளிசாதம் கொண்டுவந்தபோது சொன்னாள்: "எனக்குத் தாலி, இவருக்கு சாவி. ரெண்டுல எது கெட்டின்னு பாத்துக்கினே இருக்கேன்." மோகன்ராஜ் வெட்கப்பட்டுக் கேட்டுக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

போன ஏப்ரலில் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை நடப்பதுதான். இந்த முறை படிவம் புதிது. சாவி வைத்திருக்கும் பொறுப்பாளர் மீது விதிமீறல் நடவடிக்கை எதுவும் இருந்திருக்கக் கூடாது என்று ஒரு வரி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ஆய்வுக்கு வரும் அதிகாரி நேரில் பார்த்துத் திருப்தி அடைந்தால் விலக்கு அளிக்கலாம் என்று இன்னொரு வரி.

லக்ஷ்மிநாராயணன் இரண்டு வரிகளையும் உரக்கப் படித்து, ஆய்வுக்கு வரப்போவது ஒரு பெண் அதிகாரி என்றும் சொன்னார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"அப்போ மேடம் திருப்தி ஆவலன்னா?" என்றார் மோகன்ராஜ்.

"சாவியை வேற ஆள்கிட்டே கொடுக்கணும். நீ வழக்கம்போல வரலாம், களை பிடுங்கலாம்."

"சாவி இல்லாம வந்து இன்னா சார் பண்றது? விருந்தாளி மாதிரி வெளிய நின்னுகினு பெல் அடிக்கணுமா?"

"இங்கே பெல்லே கிடையாதேய்யா."

"அதான் சார், இன்னும் பேஜார்."

அன்றிலிருந்து அவருக்கு ஒரே யோசனை, மேடத்தை எப்படித் திருப்திப்படுத்துவது. கேட்டுக்கு உள்பக்கம் தரை மேடுபள்ளமாக இருக்கும்; தண்ணீர் லாரி கசிந்தாலே சேறாகிவிடும். அதிகாரியின் கார் அங்கே சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்து, ஆய்வுக்கு இரண்டு வாரம் முன்னால் இரண்டு லோடு பொடிஜல்லி கொண்டுவந்து கொட்டினார். ஒரு நாள் முழுவதும் குனிந்து நிரவினார். கல்யாண மண்டபத்து ஜமக்காளம் மாதிரி சுருக்கமில்லாமல் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அதன்மேல் யார் காலும் படக்கூடாது என்று சுற்றிலும் கயிறு கட்டினார். கேட்டைப் பூட்டினார். கேட்டிலிருந்து நாற்பது அடி எட்டி, சுவருக்கு வெளியே ஓர் ஏணி, உள்ளே ஓர் ஏணி சாத்தினார்.

"மேடம் வர்ற வரிக்கும் எல்லாரும் இப்டிதான்" என்றார்.

"எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. இடுப்பெலும்புக்கு மாற்று கையில் இல்லை" என்றேன்.

"நீங்க சின்ன வயசுல மரம் ஏறினதில்லையா சிஸ்டர்?"

"இல்லை."

"அப்போ இப்போ கத்துக்கங்க."

கற்றுக்கொண்டேன். சுவர் உச்சியில் மடித்த சாக்கைப் போட்டு, அதில் உட்கார்ந்து, திரும்பி, உள் ஏணியில் கால் வைத்து இறங்குவது. இரண்டு வாரம் நாங்கள் ஏழு பேரும் திருடர்கள் மாதிரி சுவர் ஏறிக் குதித்து மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றினோம். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் போலீஸுக்கே போன் செய்துவிட்டாள். வந்த காவலர் ஏணியைப் பிடித்துக்கொண்டு என்னை இறக்கிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் ஷெர்வினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை, முப்பத்தைந்து வயது, பெரிய கேமரா. ஆட்காட்டிக்குருவி நத்தைக்குட்டையில் முட்டையிட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டாது. திறந்த ஜல்லித் தரையில்தான் முட்டையிடும். அதற்காகக் குட்டையின் மறுகோடியில் ஒரு மேடு கட்டி, மூன்று கோடைகளாகச் சட்டி சட்டியாக ஜல்லி சுமந்து நிரப்பினோம். பறவைகள் வந்தன. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் போலச் சுற்றிப் பார்த்தன. காற்றோட்டம் சரியில்லை என்பதுபோல் போய்விட்டன. ஷெர்வின் இந்த ஏப்ரலிலும் விடுவதாக இல்லை. இரண்டு வாரமும் அந்த மேட்டை நோக்கிக் கேமராவோடு குப்புறப் படுத்துக் கிடந்தான். கேட் அவனுக்கு முதுகுப் பக்கம் இருந்தது.

வியாழக்கிழமை ஆய்வு. பத்து மணிக்கு அதிகாரி வருவார். எட்டு மணிக்கே நாங்கள் எல்லோரும் சாலையோர வேப்பமரத்தடியில் நின்றோம். மோகன்ராஜ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார், வயிற்றுப் பக்கம் கையை விட்டுச் சாவியை எடுத்தார், பூட்டில் போட்டார். அவ்வளவுதான். உள்ளேயிருந்து ஒரு ஆட்காட்டி கத்திக்கொண்டு கிளம்பி அவர் தலைக்கு மேலே சுற்றியது. இன்னொன்று எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டது.

"ஷெர்வினு! இங்க வா! ஓடாத, மெதுவா வா! இல்ல, ஓடி வா!"

கேட் கம்பி வழியாகப் பார்த்தோம். கேட்டிலிருந்து எட்டடி உள்ளே, சரியாகக் காரின் இடது சக்கரம் போகிற இடத்தில், பொடிஜல்லியின் நடுவே நாலு முட்டை. ஜல்லி நிறத்திலேயே, புள்ளி புள்ளியாக. மூன்று வருடம் நாங்கள் தலையில் சுமந்து போட்ட ஜல்லி பிடிக்கவில்லை. இந்த மனிதர் கால் படாமல் கயிறு கட்டிக் காவல் காத்த ஜல்லி பிடித்துவிட்டது. பிடிக்காமல் என்ன? இரண்டு வாரம் பூனைகூடப் போகவில்லை.

ஷெர்வின் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தான். எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரையும் லக்ஷ்மிநாராயணன் முறைத்தார். எங்கள் விதிப் புத்தகம் அவர் எழுதியது. ஒன்பதாவது விதி: காப்பிடத்துக்குள் கூடு இருக்கும் இடத்திலிருந்து முப்பது அடிக்குள் யாரும் போகக் கூடாது, யாராக இருந்தாலும். அந்த 'யாராக இருந்தாலும்' என்ற இரண்டு சொல்லையும் சிவப்பு மையில் எழுதியவர் இவர்.

இப்போது அவரே மெதுவாகச் சொன்னார்: "ஒரு முழம் தள்ளி வெச்சா என்ன? நாலு முட்டைதானே?"

"நகர்த்தினா விட்டுட்டுப் போயிடலாம் சார்" என்றான் ஷெர்வின்.

"இல்லேன்னா, கார் வேண்டாம். மேடம் ஓரமா நடந்து வரட்டும். ரெண்டே நிமிஷம்."

"ஓரமே இல்ல சார். அதுவும் முப்பது அடிக்குள்ளதான்."

லக்ஷ்மிநாராயணன் மோகன்ராஜ் பக்கம் திரும்பினார். "உன் சாவிக்காகத்தான்யா சொல்றேன். வர்ற அதிகாரி முகத்துல கேட்டைச் சாத்தினா அவங்க திருப்தி அடைவாங்களா? நீயே சொல்லு."

மோகன்ராஜ் சாலையோரம் குந்தி உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையில் அழுக்கு ஒட்டியதைக் கவனிக்கவில்லை. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள். நான் அவசரப்படுத்தவில்லை.

பிறகு எழுந்தார். சாவியைப் பூட்டிலிருந்து உருவினார். மறுபடியும் அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

"போன மாசம் கல்யாண போட்டோ எடுக்க வந்தவன நான் இதே விதியச் சொல்லித்தான தொரத்தினேன்? சட்டம் அவனுக்கு மட்டுமா?" என்றார். "ஏணிய நல்லா ஊனி வைங்க. மேடம் ஏறட்டும்."

"அதிகாரியைச் சுவர் ஏறச் சொல்லப்போறியா?" லக்ஷ்மிநாராயணனின் குரல் மேலே போய் மாட்டிக்கொண்டது.

"சிஸ்டரே ஏறுறாங்க சார்."

பத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே கார் வந்தது. அதிகாரி சுபத்ரா, ஐம்பதை ஒட்டிய வயது, கஞ்சி போட்ட பருத்திப் புடவை. கூட உதவியாளர் குமரேசன், கையில் தடிமனான ஃபைல். டிரைவர் ஹாரன் அடித்தார். மோகன்ராஜ் ஓடிப்போய்க் கேட்டுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"ஹாரன் அடிக்காதீங்க! வண்டிய ரிவர்ஸ் எடுத்து அந்த வேப்பமரத்தாண்ட போடுங்க."

குமரேசன் இறங்கினார். "யோவ், யாரு வந்திருக்காங்கன்னு தெரியுதா?"

"தெரியும் சார். யாரா இருந்தாலும்னு போட்டுகீது."

"எங்கே போட்டிருக்கு?"

"ஒம்போதாவது விதி."

குமரேசன் கேட்டின் கம்பியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். அந்தச் சத்தம் போதுமாக இருந்தது. ஆட்காட்டி நேராக அவர் தலையைப் பார்த்துப் பாய்ந்தது. கடைசி நொடியில் விலகி, திரும்பி வந்து, இன்னொரு முறை. குமரேசன் ஃபைலைத் தலைமேல் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி ஓடினார். பறவையும் சுற்றியது. இரண்டாவது சுற்றில் காருக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். தப்பான பக்கம், டிரைவர் மடியில்.

சுபத்ரா இன்னொரு பக்கமாக இறங்கி நின்றார். "இங்கே என்ன நடக்குது?"

மோகன்ராஜ் கைகட்டி நின்று சொன்னார். ஜல்லி போட்டது, கயிறு கட்டியது, பறவை வந்தது எல்லாம். "உங்க காருக்காகத்தான் மேடம் போட்டேன். அது வந்து பிடிச்சிகிச்சு."

"எங்கே முட்டை? எனக்கு ஜல்லிதான் தெரியுது."

"அதான் மேடம் அதோட வேலையே."

ஷெர்வின் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினான். அவர் பார்த்தார். கம்பி வழியாக மறுபடியும் பார்த்தார். "நாலா?" என்றார். "நாலு மேடம்" என்று நாங்கள் எல்லோரும் ஒன்றாகச் சொன்னோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

"வேற வழி?"

மோகன்ராஜ் விரலால் ஏணியைக் காட்டினார்.

சுபத்ரா ஏணியைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் யோசிக்க விடக்கூடாது. விட்டால் நோயாளி கட்டிலை விட்டு இறங்க மாட்டார். நான் பக்கத்தில் போய்விட்டேன்.

"செருப்பைக் கழற்றுங்க. கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகுங்க. நல்லா, இன்னும் மேலே. வலது கால் முதல்ல. ரெண்டு கையும் ஏணியில். கீழே பார்க்காதீங்க, சுவரைப் பாருங்க. அவ்வளவுதான். நான் பின்னாலே இருக்கேன்."

"நீங்க யாரு?"

"நர்ஸ். ஏறுங்க."

ஏறிவிட்டார். சாக்கில் உட்கார்ந்து திரும்பும்போது ஒரு கணம் இரண்டு பக்கமும் கால் தொங்க உட்கார்ந்து, குட்டையைப் பார்த்தார். ஆகாயத்தாமரை ஒன்றுகூட இல்லாத தண்ணீர். அதில் நத்தைக்குத்தி நாரைகள் இருபது முப்பது நின்றன. "அட" என்றார். அதற்குப் பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. உள் ஏணியில் இறங்கும்போதும் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டு ஏணி இறங்குவது ஆபத்து, அதட்டினேன். இன்னும் சிரித்தார்.

அடுத்தது குமரேசன். காரிலிருந்து இறக்குவதே பாடாக இருந்தது. சுவர் உச்சி வரை வந்தார். அங்கே உட்கார்ந்து, கண்ணை மூடி, ஃபைலைக் கட்டிக்கொண்டு, "எனக்கு உயரம் ஆகாது மேடம்" என்றார். முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை.

"அங்கேயே இருங்க. கேக்கறப்போ பேப்பரைக் குடுங்க" என்றார் சுபத்ரா.

ஆய்வு அப்படித்தான் நடந்தது. குட்டை, வாய்க்கால், பிடுங்கிய உண்ணிச்செடிக் குவியல், நட்ட மரங்கள், எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். ஷெர்வினின் காலி மேட்டைப் பார்த்து, "இது எதுக்கு?" என்று கேட்டார். ஷெர்வின் விளக்கினான். மறுபடியும் சிரிப்பு. திரும்பிச் சுவர் பக்கம் வந்தபோதுதான் ஃபைலை வாங்கிப் புரட்டினார். முகம் அலுவலகத்துக்குத் திரும்பியது.

"பதினொரு வருஷம் முன்னாடி இங்கே ரப்பீஸ் கொட்டினது நீங்கதானா?"

மோகன்ராஜ் நேராக நின்றார். "நான்தான் மேடம். ஏழு லோடு."

"பிறகு?"

"ஏழு லோடும் நானே அள்ளிக்கினு போனேன்."

"அதை எங்கே கொட்டினீங்க?"

லக்ஷ்மிநாராயணன் கண்ணை மூடிக்கொண்டார். இந்தக் கேள்வியைப் பதினொரு வருடமாக எங்களில் யாரும் கேட்கவில்லை. பதில் எப்படியும் இன்னொரு ஏரியாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் பயம். எனக்கும்தான்.

மோகன்ராஜ் பின்கழுத்தைச் சொறிந்தார். "வூட்ல மேடம்."

"வீட்டிலயா?"

"அனகாபுத்தூர்ல ஆத்தோரம் வூடு. பள்ளமான இடம், மழை பேஞ்சா கட்டில் மெதக்கும். ஏழு லோடையும் அடியில போட்டு, மேல தரை எழுப்பிட்டேன். மூணு படி ஏறுச்சு. அடுத்த வருஷமே அந்தப் பெரிய வெள்ளம். தெருவே முழுகிப்போச்சு. எங்க வூட்டு வாசப்படியோட தண்ணி நின்னுகிச்சு. பதினாறு பேரு எங்க வூட்லதான் இருந்தாங்க." காலடி மண்ணைக் காட்டி, "அள்ளறப்போ இந்தக் குட்டை மண்ணும் கூடவே வந்துச்சு மேடம். சும்மா எடுத்துகினா நல்லாருக்காதுன்னுதான் வந்துகினு கீறேன்" என்றார்.

டிவி சத்தம் என்று என்னிடம் சொன்ன மனிதர் இவர்.

சுபத்ரா பேனா கேட்டார். குமரேசன் கண்ணை மூடியபடியே மேலிருந்து போட்டார். அது புல்லில் விழுந்தது. தேடி எடுத்துக் கொடுத்தோம். கவிழ்த்துப் போட்ட சிமென்ட் சட்டியின்மேல் படிவத்தை வைத்து அவர் எழுதினார். எழுதியதை லக்ஷ்மிநாராயணன் எட்டிப் பார்த்து, தன்னை அறியாமல் உரக்கப் படித்துவிட்டார்: "பொறுப்பாளர் ஆய்வு அதிகாரிக்கு வாயிற்கதவைத் திறக்க மறுத்தார். முழுத் திருப்தி. விலக்கு அளிக்கப்படுகிறது."

"எனக்கே திறக்காதவர் வேற யாருக்குத் திறப்பார்?" என்றார் சுபத்ரா.

"சிஸ்டர், அப்போ பாஸா?" மோகன்ராஜின் குரல் கிசுகிசுத்தது.

"பாஸ்."

அவர் ஒரு முழுச் சுற்று சுற்றினார். தட்டாமாலை சுற்றுகிற குழந்தை மாதிரி, ஐம்பத்தெட்டு வயதில், இஸ்திரிச் சட்டையில். ஷெர்வினைத் தூக்கப் பார்த்தார். முதுகை வளைத்துத் தூக்கினார். ஒரு அதட்டல் போட்டேன், கீழே போட்டுவிட்டார். லக்ஷ்மிநாராயணன் பையிலிருந்து விசிலை எடுத்து ஊத வாயில் வைத்தார்.

மோகன்ராஜ் பாய்ந்து அதைப் பிடுங்கினார். "இன்னா சார் நீங்க! பறவ இன்னும் வந்து உக்காரல, வெயிலு ஏறிக்கினே கீது, முட்ட வெந்துடும்." சுற்றிலும் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தோம், அதிகாரி உட்பட. "சிரிச்சது போதும். எல்லாரும் கெளம்புங்க. ஒருத்தர் ஒருத்தரா, சத்தம் போடாம. மேடம், மொதல்ல நீங்க. குமரேசன் சார், நகர்ந்து வழி விடுங்க."

"இன்னும் ரெண்டு பக்கம் கையெழுத்து போடணுமே" என்றார் சுபத்ரா.

"வெளிய போய் கார்ல போட்டுக்கலாம் மேடம்."

அவர் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான் சொல்லாமலே வலது காலை முதல் படியில் வைத்தார்.